பரணி ராத்திரிச் சாப்பாடு

பரணி அன்று சாயங்காலம், பீரோவைப் பூட்டியபோது அந்த அறையில் இருந்தவர்கள்:

ஹரிஹரன். ஜெர்மன் மொழி வகுப்பு நடத்துபவர். சாவிக்கொத்து அவரிடம்.

அம்சா. நர்ஸ். பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தவள்.

மோனிகா. அவளும் நர்ஸ். ஜெர்மன் பரீட்சையில் தவறியவள்.

அரசு. அம்சாவின் புருஷன். செருப்பைக் கழற்றச் சோம்பல்பட்டு வாசலிலேயே நின்றவன்.

கெங்கம்மாள். கட்டடத்தைப் பெருக்குபவள். மாற்றுச் சாவி அவள் வீட்டு ஆணியில்.

டில்லிபாபு பட்டியலைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“மேடம், அஞ்சு பேர்ல மூணு பேரு விரதம். பசியில இருக்கிறவன் பாஸ்போர்ட்ட எடுத்து இன்னா பண்ணுவான்? கடிப்பானா?”

“நீ கடிப்ப,” என்றாள் புஷ்பலதா.

அவளுக்கு இது வழக்கமான வேலை இல்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே ஒற்றை அறையில் அவள் நடத்தும் துப்பறியும் நிலையத்துக்கு வருபவர்கள், மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு முன்னால் ஒரு கல்யாணம் ஆகியிருக்கிறதா என்று கேட்பவர்கள். டில்லிபாபு அவளுடைய உதவியாளன். அதற்கு முன் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். பந்தி பரிமாறுவதை மட்டும் நன்றாக எடுப்பான் என்று பெயர்.

நேற்று பரணி, இன்று ஆடிக் கிருத்திகை. அம்சா முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போனாள். “கூட்டத்துல காணாம போன புள்ளைங்களைத் தேடிகினு இருக்கோம், நீ நாளைக்கு வாம்மா” என்று அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து எதிர் அறைக்கு வந்தாள். நாளைக்குக் காலையில் அவள் சென்னையில் விசா நேர்காணலில் உட்கார்ந்திருக்க வேண்டும். தவறினால் அடுத்த தேதி எப்போது என்று யாருக்கும் தெரியாது. அங்கே வேலை கொடுத்த ஆஸ்பத்திரி அதுவரை காத்திருக்காது. இன்று சாயங்கால ரயிலுக்குள் பாஸ்போர்ட் வேண்டும்.

வகுப்பு, ஒரு பாத்திரக் கடையின் மாடியில் நடந்தது. நாலு பெஞ்சு, ஒரு இரும்பு பீரோ, ஒரு வெள்ளைப் பலகை. சுவரில் ஆளுயர ஜெர்மனி வரைபடம். தெருவில் பம்பை மேளமும் அரோகராவும் போய்க்கொண்டே இருந்தன. மாடிக்குள் வந்து சேரும்போது அந்தச் சத்தம் வேறு ஊர்ச் சத்தம் போல இருந்தது.

“படத்தை யாரு சார் மாட்டினது?” என்றான் டில்லிபாபு. “மியூனிக் தரையைத் தொட்டுகினு இருக்குது. பெருக்கும்போது கெங்கம்மா அந்த ஊரையும் பெருக்கிடப் போறாங்க.”

ஹரிஹரன் சிரிக்கவில்லை. நாற்பது வயது இருக்கும். பேசுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். நாளெல்லாம் பேசாமல் இருப்பவர்களுக்கு அந்தப் பழக்கம் வரும்.

“பீரோ உடையல. சாவி போட்டுத்தான் தெறந்திருக்காங்க,” என்றார். “ரூம் சாவி, பீரோ சாவி ரெண்டும் என் கொத்துல இருக்குது. இன்னொரு கொத்து கெங்கம்மா வீட்டு ஆணியில தொங்கிகினு இருக்குது. யார் வேணா எடுக்கலாம்.”

“பாஸ்போர்ட் ஏன் உங்ககிட்ட?” என்றாள் புஷ்பலதா.

அம்சா பதில் சொன்னாள். “எங்க வீடு மழைக்கு ஒழுகுதுங்க. நான்தான் குடுத்து வெச்சேன். நேத்து கிளாஸ் முடியும்போது சார் உள்ள வெச்சு பூட்டினாரு. நாங்க எல்லாரும் பாத்தோம்.”

“நேத்து வகுப்பு வழக்கமான நேரத்துக்குத்தான் முடிஞ்சதா?” என்றாள் புஷ்பலதா.

“சீக்கிரமே முடிச்சிட்டேன். அந்தச் சொல்லை எடுத்தேன். அதுக்கு மேல யாரு உக்காருவாங்க?” ஹரிஹரன் பலகையைக் காட்டினார். நீளமாக ஒரு சொல் எழுதியிருந்தது. நடுவே ஒரு கோடு கிழித்து இரண்டாக வெட்டியிருந்தார்.

“ஃபையர்ஆபெண்ட்.”

“ஃபயர் சர்வீஸ்காரங்க வீட்டுக்குக் கிளம்பற நேரமா சார்?” என்றான் டில்லிபாபு.

“எல்லாரும் கிளம்பற நேரம். ரெண்டு சொல்லை ஒட்டினது. ஃபையர்னா திருநாள், லத்தீன்லேந்து வந்தது. ஆபெண்ட்னா சாயங்காலம். இப்ப ஜெர்மன்காரன் தெனமும் வேலை முடியற நேரத்துக்கு இதைச் சொல்றான். பழைய காலத்துல அப்படி இல்ல. திருநாளுக்கு முந்தின சாயங்காலத்துக்குத்தான் அந்தப் பேரு. அப்பல்லாம் திருநாள் முந்தின சாயங்காலமே ஆரம்பிச்சிடும். மணி அடிச்சா தச்சனும் கொல்லனும் சாமானைக் கீழே வெச்சிடணும். போகப் போக திருநாள் கழண்டுகிச்சு. வேலையை நிறுத்தறது மட்டும் மிச்சம்.” முதல் முறையாக அவர் குரலில் உயிர் வந்தது. “நம்ம ஊருலயும் அதேதானே. நாளைக்குக் கிருத்திகைன்னா பரணி மத்தியானத்தோட சாப்பாட்டை நிறுத்திடறோம். பரணி சாயங்காலமே கிருத்திகை வந்துடுது. இதைச் சொன்னதும் மோனிகா எழுந்து நின்னுட்டா, நாங்களும் கிளம்பறோம்னு.”

“நீங்க?”

“பூட்டிட்டு கனகம்மாசத்திரம் போயிட்டேன். அக்கா வீடு. ராத்திரி அங்கதான் படுத்தேன். காலைல வந்து தெறந்தா பாஸ்போர்ட் இல்ல.”

கீழே இறங்கும்போது கெங்கம்மாள் தண்ணீர் மோட்டாரை அணைத்துவிட்டு முனகிக்கொண்டிருந்தாள். “ரெண்டு பொண்ணுங்க வந்து போற எடம். ஒரு டேங்கு தண்ணி தெனம் எங்க போவுதோ. இப்ப பாஸ்போர்ட்டு போச்சு, திருடின்றாங்க. இன்னும் இன்னா சொல்லப் போறாங்களோ.”

“யாரும்மா சொன்னது உன்னைத் திருடின்னு?” என்றாள் புஷ்பலதா.

“சார் சொல்லல. ஆணியைப் பாத்தாரு. பாத்தா போதாதா?”

மற்றவர்களை விசாரிக்க நேரம் பிடிக்கவில்லை. மோனிகா கே.ஜி.கண்டிகையிலிருந்து தெருக்காரர்களோடு வந்து, ராத்திரி முழுக்கக் கோயில் சத்திரத்தில் இருந்தாள். அவள் குறட்டை விட்டதற்குத் தெருவே சாட்சி. அம்சாவும் அரசும் பரணி ராத்திரியே காவடியோடு மலையில் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

அரசைப் பற்றி புஷ்பலதா அம்சாவிடம் நேராகவே கேட்டாள். “நீ போறதுல அவருக்கு இஷ்டமா?”

“இஷ்டமில்ல. மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு. போறேன்னு நானும் சொல்லிட்டேன். பொறவு எனக்கு விசா வரணும்னு அவரே காவடி எடுத்தாரு. ஒளிச்சு வெக்கிற ஆளு இல்லீங்க அவரு. கத்தற ஆளு.”

“கெங்கம்மாதான் மிச்சம்,” என்றான் டில்லிபாபு, பைக்கை எடுத்தபடி. “சர்க்கரை மாத்திரை போடற அம்மா. இந்த வயசுல ஜெர்மனிக்குப் போயி இன்னா பண்ணும்?”

“கனகம்மாசத்திரம் போ.”

“சாரையா சந்தேகப்படறீங்க? காலைலேந்து நமக்கு டீ வாங்கிக் குடுத்த ஒரே மனுசன் அவரு.”

“போ.”

எதிரே வந்தவர்கள் எல்லாரும் மஞ்சள் உடுத்திக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஊர் முழுக்க மலையைப் பார்த்து வரும்போது இவர்கள் இருவர் மட்டும் எதிர்த் திசையில் போனார்கள். புஷ்பலதாவுக்கு அது பழக்கம்தான். அவளைக் கோயிலுக்குக் கூப்பிட ஆளில்லாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது. தனியாகப் போக அவளுக்குத் தோன்றியதும் இல்லை.

ஹரிஹரனின் அக்கா சுதா, பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு சுத்தமான சின்ன வீட்டில் இருந்தாள். வாசலில் மாவிலை. தலைக்கு ஊற்றிய ஈரம் காயாத முடி.

“ஆங், வந்தான். ராத்திரி இங்கதான் இருந்தான்,” என்றாள், கேள்வி முடிவதற்குள்.

“சாப்பிட்டாரா?”

“இன்னாங்க இப்படிக் கேக்கறீங்க? சாப்பாடு போடாம விடுவனா? சுடச்சுட சோறு வடிச்சு, மொச்சைக்கொட்டை கத்திரிக்காய்க் கொழம்பு ஊத்தினேன். அப்பளம் பொரிச்சேன். அவனுக்குப் புடிக்கும். கேட்டு வாங்கித் தின்னான்.”

டில்லிபாபுவின் முகம் மாறியது. “அக்கா, அந்தக் கொழம்பு கொஞ்சம் மிச்சம் இருந்தா…”

“அய்ய, இன்னைக்கு ஏதுப்பா? வீட்டுக்காரரு காவடி எடுத்துகினு மலைக்குப் போயிருக்காரு. அவரு வந்து படையல் போட்ட பொறவுதான் எல்லாருக்கும். இந்தா, நேத்து மத்தியானத்தோட அடுப்பைக் கழுவிக் கோலம் போட்டது. பச்சத் தண்ணி கூட சுட வெக்கல.”

புஷ்பலதா சமையலறை வாசல்வரை போய் எட்டிப் பார்த்தாள். அடுப்பில் கோலம் இருந்தது. கோலமாவை எறும்புகள் ஒரு ஓரமாகத் தூக்கிப் போய்க்கொண்டிருந்தன. பாதிக் கோடு காணவில்லை.

“வரேங்க,” என்றாள்.

சுதா தெருமுனைவரை பின்னாலேயே வந்தாள். பைக் கிளம்பும்போது தாழ்ந்த குரலில் கேட்டாள்:

“தம்பி நல்லா இருக்கறானா?”

டில்லிபாபு சாலைக்கு வந்ததும் பைக்கை ஓரம் கட்டிவிட்டான். “மேடம், ராத்திரி வீட்டுல படுத்திருந்தவன் நல்லா இருக்கறானான்னு நம்மளை ஏன் கேக்கறாங்க?”

“ஏன்?”

“அவரு வரவே இல்ல.”

“கொழம்பு?”

“கழுவின அடுப்புல ஏது கொழம்பு? காவடி எடுக்கிற வீட்டுல பரணி ராத்திரி சோறு வடிக்க மாட்டாங்க.” அவன் கன்னத்தைத் தடவினான். “ஆனா அந்தக்கா பொய்யை எவ்ளோ ருசியா சொன்னாங்க மேடம். எனக்கு நாக்குல எச்சி ஊறிச்சு.”

“வந்தேன்னு சொல்லுன்னு அவரு போன்ல சொல்லியிருப்பாரு. சாப்பிட்டேன்னு சொல்லுன்னு சொல்லியிருக்க மாட்டாரு. வந்தான்ற வரைக்கும் அந்தம்மா பொய் சொல்லிட்டாங்க. தம்பி வந்து வெறும் வயித்தோட படுத்தான்னு மட்டும் சொல்ல முடியல. சமைச்சிட்டாங்க.”

“அப்ப ராத்திரி அவரு எங்க இருந்தாரு?”

“கெங்கம்மாவைக் கேப்போம்.”

கெங்கம்மாளிடம் புஷ்பலதா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது. அன்றைக்கும் தண்ணீர் தீருகிறதா?

கெங்கம்மாள் கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

“தீருது,” என்றாள்.

மாடியில் மூன்று பேர் இருந்தார்கள். அரசு மொட்டையடித்துச் சந்தனம் பூசி வந்திருந்தான். இப்போது செருப்பைக் கழற்றியிருந்தான். அம்சா பையை மடியில் வைத்துக்கொண்டு, ரயிலுக்குத் தயாராக, பாஸ்போர்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். ஹரிஹரன் பீரோவில் மறுபடியும் தேடிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவர்தான் அதிகம் தேடியவர்.

“உங்க அக்காவைப் பாத்தோம்,” என்றாள் புஷ்பலதா.

“வந்தேன்னு சொன்னாங்களா?”

“ஆங். மொச்சைக்கொட்டைக் கொழம்பு ஊத்தினாங்களாம்.”

ஹரிஹரனின் கை பீரோ தட்டிலேயே நின்றது. நேற்று இந்த அறையில் பாடம் எடுத்தது அவர்தான். யாரும் அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“டில்லி, படத்தை எடு.”

“மேடம், ஆல்ப்ஸ் மலையையா தூக்கச் சொல்றீங்க?” என்றபடி அவன் ஜெர்மனியை அடியிலிருந்து சுருட்டினான். சுவரில் ஒரு அலமாரி இருந்தது. கதவில்லாத அலமாரி. அதில் சுருட்டிய பாய், தலையணை, கரண்ட் அடுப்பு, சோப்பு டப்பா. கவிழ்த்து வைத்த ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

ஒரே ஒரு தட்டு. புஷ்பலதாவின் வீட்டிலும் கழுவிக் கவிழ்ப்பது ஒரு தட்டுதான். அவள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டில்லிபாபுவின் குரல் இறங்கிவிட்டது. “இங்கயே குடியிருக்கறாரு மேடம். அதை மறைக்கத்தான் அக்கா வீடுன்னு சொல்லியிருக்காரு. பாவம். திருடன் வேற ஆளு.”

“ராத்திரி முழுக்க இவரு இந்த ரூம்ல படுத்திருந்தாரு. உள்ள தாழ்ப்பாள் போட்டுத்தானே படுப்பாரு? ஆணியில தொங்கற சாவியை வெச்சிகினு யாரு உள்ள வர முடியும்?”

கீழே ஒரு காவடிக் கூட்டம் கடந்து போனது.

“தலகாணி உறையில இருக்குது,” என்றார் ஹரிஹரன்.

உறைக்குள் இரண்டு பாஸ்போர்ட்டுகள் இருந்தன. ஒன்று புதியது, அம்சாவுடையது. இன்னொன்று மூலை மடங்கி நைந்தது. டில்லிபாபு அதைப் பிரித்தான். ஹரிஹரனின் படம், இளமையாக, ஜெர்மன் விசாவோடு. தேதி முடிந்து போனது. அவன் அதை மூடி, தலையணைமேல் வைத்தான்.

அரசு முன்னால் வந்தான். “யோவ், காலைலேந்து கூடவே தேடினியே! தூ! அந்தக் கெழவி மேல பழியைப் போடப் பாத்தியே!”

“இரு,” என்றாள் அம்சா. பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துப் பையில் வைத்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள். “ஏன் சார்?”

ஹரிஹரன் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“நானும் உன்னை மாதிரி நர்ஸாத்தான் போனேன். முதியோர் இல்லம். வேலை முடியும்போது தெனமும் எல்லாரும் எனக்கு ஃபையர்ஆபெண்ட் சொல்லிட்டுப் போவாங்க. நல்ல ஃபையர்ஆபெண்ட் அமையட்டும்னு. நானும் திருப்பிச் சொல்லுவேன். சொல்லிட்டு ரூமுக்குப் போய் உக்காந்துப்பேன். ஒருநாள் அந்தச் சொல்லை எடுத்துப் பாத்தேன். திருநாளோட சாயங்காலம்னு போட்டிருந்துச்சு. சிரிப்பு வந்துடுச்சு. ஓடி வந்துட்டேன். அக்காகிட்ட தோத்துட்டு வந்தவனாப் போய் நிக்க முடியல. கிளாஸ் ஆரம்பிச்சேன். கிளாஸ் இருந்தா சாயங்காலம் நாலு பேரு வருவாங்க.”

“வந்தோமே.”

“வந்தீங்க. ஒவ்வொருத்தரா போனீங்க. நீ போனா மோனிகாவும் நின்னுடறேன்னு சொல்லிட்டா. நேத்து பூட்டிட்டு உள்ள வந்து உக்காந்தேன். பேச ஆளில்ல. எடுத்துட்டேன். இந்த ஒரு தேதி தப்பினா இன்னும் கொஞ்ச நாள் நீ வருவ. அவ்ளோதான் யோசிச்சேன்.”

அம்சா எழுந்தாள்.

“நான் போனா நீங்க தனியாயிடுவீங்கன்னு எனக்கு எப்பவோ தெரியும் சார். அதுக்கு என் பாஸ்போர்ட் இன்னா பண்ணும்?”

ஹரிஹரன் பழைய பாஸ்போர்ட்டை எடுத்து மடங்கிய மூலையை நீவினார்.

“நான் போலீசுக்குப் போகல. எனக்கு ட்ரெயினுக்கு நேரமாவுது. பீரோவுல மோனிகாவோட நர்ஸிங் சர்டிபிகேட் இருக்குது, அதைக் குடுங்க. வேற யாரோடது இருந்தாலும் குடுங்க. சாவியைக் கெங்கம்மாகிட்ட குடுத்துடுங்க. இனிமே இந்த ரூம்ல யாரும் எதையும் நம்பி வெக்கக் கூடாது.”

அவர் எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அங்கே ஒரு நொடி நின்றாள். வகுப்பு முடிந்து கிளம்பும்போது தினமும் ஜெர்மனில் விடைபெறும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது வழக்கம் போலிருக்கிறது. ஹரிஹரன் நிமிர்ந்து பார்த்தார். அவள் சொல்லவில்லை. அரசின் பின்னால் படி இறங்கிப் போனாள். இரண்டு பேரின் செருப்புச் சத்தமும் மேளத்துக்குள் போய்விட்டது.

கெங்கம்மாள் மேலே வந்தாள். சுருட்டிக் கிடந்த படத்தையும் அலமாரியையும் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

“வெளிய வா நைனா,” என்றாள். “கடைக்காரரு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?”

ஹரிஹரன் பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார். தட்டையும் டம்ளரையும் ஒரு பையில் போட்டார். பழைய பாஸ்போர்ட்டைச் சட்டைப் பைக்குள் வைத்தார். சாவிக்கொத்தை அவளிடம் நீட்டினார்.

“தண்ணி எங்க போவுதுன்னு எனக்குத் தெரியும் நைனா,” என்றாள் கெங்கம்மாள், சாவியை வாங்கியபடி. “ஒத்த ஆளு, குளிச்சிட்டுப் போவட்டும்னு வுட்டுட்டேன். நீ என் ஆணியைக் காட்டற.”

ஹரிஹரன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“உங்க அக்கா வீட்டுல இன்னைக்குப் படையல்,” என்றாள் புஷ்பலதா. “இந்நேரம் அடுப்பு பத்த வெச்சிருப்பாங்க.”

“எந்த மூஞ்சியை வெச்சிகினு போறது?”

“அது எனக்குத் தெரியாது. நீங்க நல்லா இருக்கறீங்களான்னு அவங்க என்கிட்ட கேட்டாங்க. நான் பதில் சொல்லல. அதை மட்டும் சொல்றேன்.”

டில்லிபாபு பைக் சாவியை விரலில் சுற்றினான். “கனகம்மாசத்திரம் வரைக்கும் நான் கொண்டு வுடறேன் சார். அந்தக்கா எனக்கும் ஒரு கொழம்பு பாக்கி வெச்சிருக்காங்க.”

ஹரிஹரன் பாயோடு வாசலைத் தாண்டிப் படிக்கட்டில் நின்றார். கீழே ஊர் போய்க்கொண்டிருந்தது. புஷ்பலதா அவரைத் தாண்டி முதலில் இறங்கினாள். அவளுக்கு வீட்டில் காலைச் சோறு தண்ணீர் ஊற்றிக் கிடந்தது.

கெங்கம்மாள் விளக்கை அணைத்தாள். பலகையில் அந்தச் சொல் அழிக்கப்படாமலே இருட்டில் நின்றது. அவள் கதவை இழுத்துச் சாத்தி, அவர் முதுகுக்குப் பின்னால் பூட்டைப் போட்டு, பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.